லண்டனில் இருதயநாதன் வாத்தியார்

ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டுதான் இருதயநாதன் கடுகு தாளிப்பார். வெளியே முழங்கால் அளவு பனி கிடந்தாலும் அப்படித்தான். மாடி அறையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மாளுக்குத் தாளிக்கிற வாடை ஆகாது. மூக்கில் பட்டால் மாடியேறி வந்து கதவைத் தட்டுவாள். கோட்டும் மப்ளருமாக அடுப்பின் முன்னால் நின்று, கடுகு வெடித்து அடங்கும்வரை சட்டியின் மேல் தட்டைக் கவிழ்த்து அமுக்கிக்கொண்டிருப்பார். "திருடன் மாதிரில்ல சமைக்க வேண்டியிருக்கு," என்று அந்தத் தட்டிடம் சொல்லிக்கொள்வார்.

வயது நாற்பத்தாறு. ஒடிசலான உடம்பு. சட்டைக் கழுத்து எப்போதும் வெள்ளையாக இருக்கும். திண்டுக்கல்லில் பதினெட்டு வருஷம் இங்கிலீஷ் வாத்தியார். 'ஷிப்' என்பதைச் 'சிப்' என்று சொன்ன பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்தவர். அந்தப் பாஷை பிறந்த ஊரை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும், அங்கேயே போய்ச் சொல்லித்தர வேண்டும் என்ற ஆசையில் 1958இல் கப்பலேறினார். மனைவி அல்போன்சாவும் இரண்டு பிள்ளைகளும் ஊரில் இருந்தார்கள்.

லண்டனில் அவர் முதலில் கற்றுக்கொண்ட சொல் 'பார்டன்'. வேலை கேட்டுப் போன அலுவலகத்தில் மேஜைக்குப் பின்னால் இருந்த பெண், அவர் பெயரையும் படிப்பையும் மூன்று தடவை சொல்லச் சொன்னாள். மூன்று தடவையும் 'பார்டன்?' என்றாள். விளங்கவில்லை, திரும்பச் சொல் என்று அர்த்தம். பிறகு ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னாள். எழுத்து அருமையாக இருக்கிறது என்று பாராட்டி, ஊர்ச் சான்றிதழ் இங்கே செல்லாது என்றாள். இப்போதெல்லாம் ரொட்டிக்கடையில் அவர் வாய் திறப்பதில்லை. விரலை நீட்டிக் காட்டி வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்.

நிலத்துக்கடியில் ஓடும் ரயிலுக்கு ஆட்களை இறக்கி ஏற்றும் லிஃப்டில் அவருக்கு வேலை கிடைத்தது. தொண்ணூறு அடி கீழே, தொண்ணூறு அடி மேலே. மூன்று தடவை ஏறினால் ஊர் மலைக்கோட்டை உயரம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார். "நித்தம் முப்பது மலைக்கோட்ட ஏறுறேன். ஊர்ல இருந்தப்ப ஒருக்காகூட ஏறுனதில்ல," என்பார்.

வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் அவர் பொய் சொல்லவில்லை. 'வேலை கிடைத்துவிட்டது, கவலைப்படாதே' என்று மட்டும் எழுதினார். அல்போன்சா அதை வாத்தியார் வேலை என்று எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள். அடுத்த கடிதத்தில், 'உங்க கிளாஸ்ல எத்தன புள்ளைக? வெள்ளக்காரப் புள்ளைக சொன்ன பேச்சு கேக்குதுகளா?' என்று கேட்டிருந்தாள். நாலு நாள் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். ஐந்தாம் நாள், 'முப்பத்திரண்டு பேர். கேட்கிறார்கள்' என்று பதில் போட்டார். லிஃப்டில் ஏற்றலாம் என்று பலகையில் எழுதியிருந்த ஆட்களின் எண்ணிக்கை அது.

1963 மார்ச்சில், பனி கரைந்து தெருவெல்லாம் சகதியாகக் கிடந்த ஒரு சனிக்கிழமை, சவரிமுத்து சாமியார் வந்து இறங்கினார். திண்டுக்கல் பங்குக் கோயிலில் ஆறு வருஷம் இருந்தவர். மேல்படிப்புக்காக அயர்லாந்து போகிற வழி. கையில் அல்போன்சா கொடுத்துவிட்ட பெரிய தகர டின் இருந்தது.

"முறுக்கு. உன் கிளாஸ் புள்ளைகளுக்காம். முப்பத்திரண்டு பேருக்கும் ஆளுக்கு மூணு வருமாம், நீயே நின்னு பங்கு வைக்கணுமாம்," என்று சாமியார் சிரித்தார். "கிளம்பு, பள்ளிக்கூடத்தப் பாத்துட்டு வந்துருவோம். பாத்தேன்னு எழுதுனா உன் பொண்டாட்டிக்குச் சந்தோசமா இருக்கும்."

"இன்னைக்கு லீவு சாமி."

"வெளிய நின்னு பாத்தாப் போதும்."

இருதயநாதன் டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். இரண்டு தெரு தள்ளி ஒரு செங்கல் பள்ளிக்கூடம் இருந்தது. இரும்பு வாசல் பூட்டியிருந்தது. "உன் வகுப்பு எது?" என்று சாமியார் கேட்டதும், மாடியில் ஒரு ஜன்னலைக் கை காட்டினார். அந்த நேரம் பார்த்துக் காவல்காரக் கிழவன் வெளியே வந்து, யார் வேண்டும் என்று கேட்டான். இருதயநாதன் என்னவோ சொன்னார். கிழவன், "பார்டன்?" என்றான். மறுபடியும் சொன்னார். மறுபடியும் அதே கேள்வி. சாமியார் முன்னால் வந்து, இவர் இந்தப் பள்ளி ஆசிரியர் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். கிழவன் இருதயநாதனை மேலும் கீழும் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டான்.

இருவரும் திரும்பி நடந்தார்கள். டின்னுக்குள் முறுக்கு குலுங்கிக்கொண்டு வந்தது.

"நான் வாத்தியார் இல்ல சாமி. லிஃப்ட் ஓட்டுறேன்."

"எம்புட்டு நாளா?"

"வந்ததுல இருந்தே. அஞ்சு வருசம் ஆகப்போகுது."

சாமியார் நின்றுவிட்டார். "ஊருக்கு வந்துர வேண்டியதுதானப்பா. பழைய வேலை கிடைக்காமலா போயிரும்?"

"கிடைக்கும் சாமி. கிளாஸ்ல நின்னு என்னத்தச் சொல்லித் தருவேன்? பதினெட்டு வருசம் நான் இங்கிலீஷ்னு பேசுனது இங்க ஒருத்தனுக்கும் விளங்கல. எத்தன புள்ளைகளப் பெஞ்சு மேல நிக்க வச்சேன்!"

தூறல் விழத் தொடங்கியது. சாமியார் தன் குடையை விரித்து, அவர் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தபடி கூடவே நடந்தார்.

திங்கட்கிழமை காலை அயர்லாந்துக்குக் கிளம்பிய சாமியார், பெட்டியோடு அந்த லிஃப்டிலேயே வந்து ஏறினார். கூட்டத்துக்கு நடுவில், சீருடையில் இருந்த இருதயநாதன் அவரைப் பார்த்தும் பார்க்காதவர் போல விசையைத் திருப்பினார். கீழே எல்லோரும் இறங்கி ஓடினார்கள். சாமியார் மட்டும் போகாமல் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றார்.

"அல்போன்சாவுக்கு நான் லெட்டர் போட்டாகணும். பள்ளிக்கூடத்தப் பாத்தீங்களான்னு கேப்பா. பொய் எழுத என்னால ஆகாது, இருதயம்."

"ஒண்ணும் எழுதாதீங்க சாமி."

"அப்ப நீயே எழுது. எப்ப எழுதுவ?"

மேலே காத்திருக்கும் ஆட்கள் லிஃப்டை அழைக்கும் மணி அடித்தது. இருதயநாதன் கதவை இழுத்துச் சாத்தினார். சாமியார் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதில் வாங்காமல் நகர்கிறவராகத் தெரியவில்லை. மணி மறுபடியும், நீளமாக அடித்தது.

"விரல் சிக்கிரும் சாமி," என்றார் இருதயநாதன். கம்பிக்குள் நுழைந்திருந்த அந்த விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல் எடுத்து வெளியே விட்டுவிட்டு, விசையைத் திருப்பினார்.