விசாலத்துக்கு நூல் பிடித்த கைகள்

வலது தோள்பட்டை இறுகிப்போய் மூன்று மாதமாகிறது. சட்டை மாட்டிக்கொள்வதற்கே தனியாக நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. போன வாரம் பாலக்காட்டில் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொன்னாள். நடுவே ஒன்றரை அடி இடைவெளி, கட்டைவிரல் மேலே பார்க்க வேண்டும். “அஞ்சு மினிட்டு இப்படியே இருக்கணும் அங்கிள். கை எறங்கப்படாது, கேட்டேளா?” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் முழங்காலைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஐந்து நிமிஷம்தானே என்று நீங்கள் நினைக்கலாம். என்னை அறிந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். சினிமாவில் இடைவேளைக்கு முன்பே இரண்டு தடவை வெளியே போய்வருகிற ஆள் நான். கல்யாணப் பந்தியில் ரசம் வருவதற்குள் கால் ஆடத் தொடங்கிவிடும். ரயில் வர இருபது நிமிஷம் இருந்தால் பிளாட்பாரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அளந்துவிடுவேன். ரயிலில் ஏறிய பிறகும் அதே கதைதான், பெட்டிக்குப் பெட்டி நடப்பேன்.

இரண்டாவது நிமிஷத்தில் கைகள் தாமாக ஆடத் தொடங்கின. இடது மணிக்கட்டு லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது. அப்புறம் வலது. திரும்ப இடது. “அனக்காதேங்கோ அங்கிள்!” என்று அங்கிருந்தே அந்தப் பெண் அதட்டினாள். நான் எங்கேயம்மா ஆட்டினேன்? முப்பது வருஷத்துக்கு முன்னால் பழகிய கைகள் அவை. நூல் விட்டுக்கொண்டிருந்தன.

அப்போது நான் பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கிளார்க். பாலக்காட்டுக் கல்பாத்தி வெயிலில் வளர்ந்தவனுக்கு அந்த மலையின் மழை ஒரு தண்டனை மாதிரி. துவைத்த துண்டு நாலு நாளானாலும் காயாது. உப்பு ஜாடியில் உப்பு தண்ணீராகியிருக்கும். தீப்பெட்டியை அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருஷம் அந்தக் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மஞ்சு, அதுதான் மூடுபனி, இறங்கினால் எதிர்வீடு இருக்கிறதா என்றே தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பேச ஆள் இல்லாமல், பூட்டியிருக்கும் ஆபீஸைச் சுற்றி நடந்துவிட்டு வருவேன். காவல்காரன் நாய்க்குக்கூட என் நடை பழகி, என்னைப் பார்த்தால் தலையைத் தூக்காது.

அப்புறம் விசாலம் வந்தாள். வந்த முதல் மழைக்காலத்திலேயே, டிஸ்பென்சரி நர்ஸிடம் ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொண்டாள். இன்றைக்கும் நனைந்த கம்பளி வாசனை எங்கேயாவது வந்தால் எனக்கு அந்தச் சமையலறை நினைவுக்கு வரும். அடுப்புக்கு மேலே கொடி கட்டி, பாதி பின்னிய ஸ்வெட்டரை உலர்த்துவாள். அதன் வாசனையும் காபி வாசனையும் ஃபாக்டரியிலிருந்து வரும் தேயிலைப் புகையும் சேர்ந்து தலையைச் சுற்றும். நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் ஆள் இருக்கிறது என்று சொல்லும் வாசனை அது.

கம்பளி நூல் குமுளிக் கடையிலிருந்து முறுக்கிக் கட்டிய சிட்டமாக வரும். முறுக்கைப் பிரித்தால் பெரிய மாலை மாதிரி விரியும். அதிலிருந்து நேராகப் பின்ன முடியாது. உருண்டையாகச் சுற்றிக்கொள்ள வேண்டும். மேனேஜர் பங்களாவில் அதற்கென்று குடை மாதிரி விரிந்து சுழலும் மரச்சாமான் ஒன்று இருந்ததாம். எங்கள் வீட்டில் இருந்தது என் இரண்டு கைகள். மாலையை மணிக்கட்டுகளில் மாட்டி, நூல் தொய்யாத அளவுக்குக் கைகளை அகட்டி உட்கார்ந்தால், அவள் எதிரே மணையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சுற்றுவாள். நூல் இடப்பக்கம் விடுபடும்போது இடது கையைச் சாய்க்க வேண்டும், வலப்பக்கம் வந்தால் வலது கையை. இறுக்கிச் சுற்றினால் நூல் இழுபட்டு, பின்னின ஸ்வெட்டர் முதல் அலசலிலேயே சுருங்கிப்போகும். அதனால் உருண்டைக்கும் நூலுக்கும் நடுவே இரண்டு விரலைக் கொடுத்துச் சுற்றி, அவ்வப்போது விரலை உருவி இடம் மாற்றுவாள். ஒரு சிட்டம் முடிய அரைமணி ஆகும். நடுவில் நான் கையை எடுத்தேனோ, தொலைந்தது. அந்தச் சிக்கை எடுக்க ஒரு நாள் போதாது.

இதில் ஒரு சூட்சுமம் இருப்பதை விசாலம் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு ஒரு கெட்ட பழக்கம். வீட்டில் யாராவது கொஞ்சம் கனமான பேச்சை எடுத்தால், எனக்கு உடனே வேலை வந்துவிடும். தண்ணீர் டேங்க் நிரம்பியதா பார்க்கணும், ஆபீஸ் ஜன்னலைச் சாத்தினேனா தெரியலை, இப்படி ஏதாவது சொல்லிச் செருப்பை மாட்டிவிடுவேன். சண்டை போடுகிற ஆள் இல்லை நான், நழுவுகிற ஆள். நூல் மாட்டிய கைகளோடு எங்கே நழுவுவது?

“கட்டிப் போட்டாச்சு. இனிமே பேசலாம்” என்பாள் முதல் சுற்றுப் போடும்போதே. அப்படித்தான் நான் ஜீப் டிரைவர் சுடலைமுத்துவோடு ஷெட்டுக்குப் பின்னால் பீடி பிடிப்பது வெளியே வந்தது. அவளுடைய புளிங்கறியில் புளி கூடிப்போகிறது என்பதை ஆறு மாதமாக முழுங்கிக்கொண்டிருந்ததும் வந்தது. அம்மாவுக்கு ஏன் கடுதாசி போடவில்லை என்பது ஒரு முழுச் சிட்டத்துக்கு ஓடியது. சொல்லிவிட்ட பிறகு எனக்கும் மனசு லேசாகத்தான் இருக்கும். சிட்டம் தீர்ந்ததும் கையைத் தேய்த்துக்கொண்டு இன்னொன்று இருக்கிறதா என்று கேட்ட நாளும் உண்டு.

விசாலம் டீச்சர் டிரெயினிங் முடித்தவள். கல்யாணத்துக்கு முன்பே சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதி, ராங்க் லிஸ்டில் பேர் வந்து, உத்தரவுக்காகக் காத்திருந்தாள். மலையில் தொழிலாளர்களின் லைன் வீட்டுக் குழந்தைகளைக் கூட்டி வைத்துப் பாடம் சொல்லிக்கொடுப்பாள். ஆனால் தனக்கென்று ஒரு வகுப்பறை, ஒரு கரும்பலகை வேண்டும் என்பது அவளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஆபீஸிலிருந்து நான் வரும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டாள், கையைப் பார்ப்பாள். கவர் ஏதாவது இருக்கிறதா என்று.

எஸ்டேட்டுக்கு வரும் தபால் எல்லாம் ஒரே பையில் ஆபீஸுக்கு வரும். சுடலைமுத்து ஜீப்பில் போய் எடுத்துவருவான். பிரித்து அடுக்குவது என் வேலை. ரிஜிஸ்தர் தபாலானால் யார் பெயருக்கு வந்தாலும் நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொடுப்பேன். லைன் வீட்டுக்காரர்கள் அதற்காக வேலையை விட்டு ஓடிவர வேண்டாம் என்று எப்போதோ ஏற்பட்ட வழக்கம். எல்லாரும் என்னை நம்பித்தான் விட்டிருந்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை, சர்க்கார் முத்திரை போட்ட கவரில் விசாலத்தின் உத்தரவு வந்தது. பையிலிருந்து எடுத்துத் தந்தவன் சுடலைமுத்துதான். கையெழுத்துப் போட்டேன். பிரித்துப் பார்த்தேன், அதுவும் தப்புத்தான். கீழே, பாலக்காட்டை அடுத்த கொல்லங்கோட்டுப் பக்கம் ஒரு சர்க்கார் பள்ளிக்கூடம். உத்தரவில் போட்டிருந்த தேதியிலிருந்து பதினைந்து நாளுக்குள் சேர வேண்டும். அதில் மூன்று நாள் தபாலிலேயே போயிருந்தது. மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன், சாயங்காலம் கொடுத்துவிடலாம் என்று.

கொடுக்கவில்லை. அன்றைக்கு நல்ல மழை. அவள் அடை வார்த்திருந்தாள். இன்று ஒரு நாள் போகட்டும் என்று நினைத்தேன். மறுநாள், நாளைக்கு என்று நினைத்தேன். அந்த ஒன்பது நாளும் நான் இருந்த இருப்பை எப்படிச் சொல்ல? தினமும் காலையில் அழுக்குச் சட்டையிலிருந்து எடுத்து வெளுத்த சட்டைக்கு மாற்றுவேன். ஆபீஸில் உட்கார முடியவில்லை. ஸ்டோருக்குப் போவேன், எடை போடுகிற இடத்துக்குப் போவேன், வந்த வழியே திரும்புவேன். ராத்திரி படுத்தால் சட்டை மாட்டிய ஆணி கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். அவளுக்கு வேலை கிடைக்கக் கூடாது என்று நான் நினைத்ததில்லை. அவள் போய்விட்டால் அந்த மஞ்சுக்குள் திரும்பவும் நான் தனி. அந்தப் பயம் ஒன்றுதான். அதை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது, புதுச் சிட்டம் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு விசாலம் காத்திருந்தாள். சாம்பல் நிறம். எனக்கென்று பின்னத் தொடங்கிய ஸ்வெட்டருக்கு. உட்கார்ந்தேன், கைகளை நீட்டினேன், மாட்டினாள். “கட்டிப் போட்டாச்சு” என்று அன்றைக்குச் சொல்லவில்லை. நாலைந்து சுற்றுப் போட்டாள்.

“ஏன்னா, தபால் ஏதாவது வந்துதா?”

“ஒண்ணும் வரலை.”

இன்னும் கொஞ்சம் சுற்றினாள். “ரிஜிஸ்தர் ஏதாவது?”

“வந்தா கொண்டுவரமாட்டேனா?”

அவள் கை நிற்கவில்லை. ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு விரல் கொடுத்து, உருவி, மறுபடி இரண்டு விரல் கொடுத்து. “நேத்திக்கு சுடலைமுத்து வழியில பார்த்தான். ‘எக்கா, ஆர்டர் வந்துட்டுல்லா, என்னைக்குப் போறிய?’ன்னு கேட்டான். எனக்கு ஒண்ணும் புரியலை. அவனுக்கு ஏதோ தப்பாத் தோணிடுத்துன்னு நெனச்சுண்டேன். நீங்க சொல்லுவேள்னு ராத்திரி பூரா காத்துண்டிருந்தேன்.”

எனக்கு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. கால் இரண்டும் தரையில் தந்தி அடித்தன. கைகள் அசையப் போவதைக் கண்டு அவள் சொன்னாள்: “கையைத் தாழ்த்தாதேங்கோ. சிக்கிடும்.”

சொல்லிவிட்டு உருண்டையை மடியில் வைத்தாள். எக்கி என் சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்தாள். எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. துவைக்கிறவளுக்குத் தெரியாதா, சட்டைப் பை எத்தனை நாளாகப் புடைத்திருக்கிறது என்று! படித்தாள். தேதியைப் பார்த்து விரல்விட்டு எண்ணினாள். பக்கத்தில் வைத்தாள். பிறகு உருண்டையை எடுத்து மீதி நூலைச் சுற்ற ஆரம்பித்தாள். பாதிச் சிட்டத்துக்கு மேல் பாக்கி இருந்தது. அந்தக் கால்மணி நேரமும் அவள் சுற்றினாள். நானும் இடதும் வலதும் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது, துடைக்கக் கை இல்லை. என் வாழ்க்கையில் நான் ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்த நேரம் என்றால் அதுதான்.

கடைசி இழை கையை விட்டுப் போனதும் கேட்டாள். “பயந்தேளா?”

“ஆமாம்.”

“அதைச் சொல்லியிருக்கலாமே. நான் கேட்டுண்டுதானே இருந்தேன்.”

அதற்கு மேல் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. டிரங்குப் பெட்டியிலிருந்து சர்டிபிகேட்டுகளை எடுத்து அடுக்கினாள். விடிந்ததும் கோட்டயம் பஸ், அங்கிருந்து ரயில். நான் கூட வருகிறேன் என்றேன். “வேண்டாம், லீவு வேஸ்டாயிடும்” என்றாள். வேலையில் சேர டாக்டர் சர்டிபிகேட் வேண்டும் என்று உத்தரவிலேயே இருந்தது. பாலக்காட்டில் ஒரு நாள் முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அதை வாங்கி, கடைசி நாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தாள். இன்னும் ஒரு நாள் நான் சும்மா இருந்திருந்தால் போயே போயிருக்கும். அதை நினைத்தால் இன்றைக்கும் உட்கார்ந்த இடம் சுடுகிறது.

மூன்று வருஷம் அவள் கீழே, நான் மேலே. மாதம் ஒரு முறை பார்த்துக்கொண்டோம். சாம்பல் ஸ்வெட்டரை முடித்துக் கொண்டுவந்து தந்தாள், கச்சிதமாக இருந்தது. அப்புறம் எனக்குப் பாலக்காட்டில் வேலை கிடைத்து இறங்கிவந்தேன். அவள் ஹெட்மிஸ்ட்ரஸாகி ரிட்டயர் ஆனாள். அந்தச் சனிக்கிழமையை ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டியதில்லை. நல்ல குடித்தனம்தான், குறை சொல்ல ஒன்றும் இல்லை.

கீழே வந்த முதல் வருஷம், தங்கை குழந்தைக்காகக் கம்பளி நூல் வாங்கிவந்தாள். நான் கையைக் கழுவித் துடைத்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவள் முன்னால் போய் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினேன். “உங்களுக்கு எதுக்கு சிரமம்? போயி பேப்பர் வாசிங்கோ” என்றாள். சமையலறை ஸ்டூலைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் நாலு காலிலும் சிட்டத்தை மாட்டி, சுற்றிச் சுற்றி வந்து அவளே சுற்றி முடித்தாள்.

இப்போது கடையில் நூல் உருண்டையாகவே கிடைக்கிறது, அந்த ஸ்டூலுக்கும் வேலை இல்லை. தபாலும் யார் கைவழியும் வருவதில்லை, அவளுடைய செய்தி அவளுடைய போனுக்கே வந்துவிடுகிறது. நான் எப்போது வேண்டுமானாலும் எழுந்து வெளியே போகலாம். எங்கே போகிறேன், ஏன் போகிறேன் என்று விசாலம் கேட்பதில்லை.