ஓர் எழுத்துக்குள் அடைத்த பெயர்

பனியன் கம்பெனி ஒன்றின் டைம் ஆபீசில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தேன். வேலைக்கு வருகிறவர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. தமிழில் எம்.ஏ. படித்தவன் நான், பதிவேடு ஆங்கிலத்தில் இருந்தது.

நம்மவர்கள் வந்தால் சிரமமில்லை. அப்பா பெயரைக் கேட்டு, அதன் முதல் எழுத்தைப் பெயருக்கு முன்னால் வைத்துவிட்டால் முடிந்தது. வடக்கிலிருந்து ஆட்கள் வந்தபோது அவர்கள் பெயருக்குப் பின்னால் இன்னொரு பெயர் ஒட்டிக்கொண்டு வந்தது. பதிவேட்டில் கட்டம் சிறியது. அந்தப் பின்பெயரையும் நம் வழக்கப்படி ஒரே எழுத்தாகச் சுருக்கி, முன்னால் தூக்கி வைத்தேன். ஆதாரில் உள்ளபடி முழுதாக எழுத வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அப்படித்தான் எழுதியிருக்கிறேன் என்று நானும் சொல்லியிருந்தேன்.

கட்டிங் பிரிவில் ஒரு வங்காளி இருந்தார். நாற்பது வயதிருக்கும். பதினொரு மணி டீக்கு என் ஜன்னல் பக்கம் வந்து நின்று குடிப்பார். என் மனைவி இறந்த வருஷம் அது. காலையில் நான் சாப்பிட்டேனா என்று கேட்க ஊரில் வேறு யாரும் இல்லை. "சாப்ட்டாச்சுங்களா சார்?" என்று திருப்பூருக்கு வந்து கற்றுக்கொண்ட தமிழில் தினமும் அவர் கேட்பார். பொய்யாக ஆமாம் என்பேன்.

ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பதிவேட்டில் தன் வரியைப் பார்த்துவிட்டார்.

"சார், என் பேருக்கு முன்னாடி இது என்ன பி?"

"உன் பிராமாணிக்தான்ப்பா. அதுக்குள்ள இருக்குது."

"பெரிய பேர் சார். சின்ன ரூம்ல போட்டுட்டீங்க."

"இங்க ஒரு ரூம்ல எட்டுப் பேர் தங்கறீங்கல்ல? பேரும் அப்படி இருக்கட்டும்."

அவர் சிரித்தார். பிறகு அந்தப் பெயரைப் பற்றித் தெரிந்த தமிழிலும் இந்தியிலுமாகச் சொன்னார். வங்காளத்து நதியா மாவட்டத்தில் அவர்களுடையது நெசவுக் குடும்பம். பக்கத்துத் தெருவில் முடி வெட்டுகிறவர் வீட்டுக்கும் அதே பெயர்தானாம். அது ஜாதிப் பெயர் இல்லை. ஊரில் நிலத் தகராறோ கல்யாணத் தகராறோ வந்தால், ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். எழுத்து வேண்டாம், சாட்சி வேண்டாம், அவர் வாய்ச்சொல்லே சாட்சி. அவரைப் பிராமாணிக் என்பார்கள். பிறகு அது பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் வீட்டுப் பெயராகிவிட்டது.

"அப்ப நீ சொன்னாலும் அதுதான் சாட்சியா?"

"எங்க சார்! இப்ப பொண்டாட்டியே நம்ப மாட்டா."

நானும் சிரித்தேன். பிரமாணம் என்ற சொல்லை அறியாதவன் அல்ல நான். எழுதியும் பேசியும் இருக்கிறேன். ஆனாலும் அந்தப் பெயரை என் மொழியின் சொல்லோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. வெளியூர்ச் சத்தமாகவே காதில் விழுந்தது.

சில மாதம் கழித்து ஒரு ஏற்றுமதி ஆர்டரில் கோளாறு வந்தது. இரண்டு வேறு சாயத் தொட்டியில் முக்கியெடுத்த துணியை ஒரே அடுக்கில் விரித்து வெட்டிவிட்டார்கள். தைத்து முடித்த பிறகு பார்த்தால் உடம்பு ஒரு நீலம், கை ஒரு நீலம். அடுக்கு விரித்தவர் பெயர் தாளில் இருந்தது. பெயருக்கு முன்னால் பி. தாளைக் கொண்டுவந்து மேனேஜர் என் மேஜைமேல் போட்டார்.

"ஏனுங்க, இது யாருங்க?"

அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு முகம்தான் வந்தது, டீ குடிக்கிற முகம். கட்டிங்கில் இருப்பவர் என்று சொல்லிவிட்டேன். அவரைக் கூட்டிவர ஆள் போன பிறகுதான் பக்கத்தைப் புரட்டினேன். அதே பிரிவில், அதே பெயரில், இன்னொருவர். அவருடைய வீட்டுப் பெயர் பால். பால்காரரே என்று எல்லோரும் கேலி செய்கிற ஆள். அவருக்கும் நான் பி என்றே போட்டிருந்தேன். தமிழில் சுருக்கியிருந்தால்கூட ஒருவர் பி, இன்னொருவர் பா.

பிராமாணிக் வந்து நின்றார்.

"நான் இல்லைங்க சார். அந்த டேபிள்ல நான் துணி விரிக்கல."

"புரூஃப் என்ன இருக்குது? தாள்ல உம் பேருதான இருக்குது?" என்றார் மேனேஜர்.

அவர் மேனேஜரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க சொல்லுங்க."

இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சுப் போதும். சொன்னால், பெயர்களை ஏன் முழுதாக எழுதவில்லை என்ற கேள்வி வரும். ஓய்வு வயது தாண்டி, வருஷா வருஷம் நீட்டிப்புக் கேட்டு வாங்கி உட்கார்ந்திருந்தேன். வேலை போனால் திருப்பூர் ராயபுரத்து வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அந்தப் பயம்தான். வேறு காரணம் எதுவும் இல்லை.

"ரிஜிஸ்டர்ல இருக்கிறதுதாங்க," என்றேன்.

அன்று மாலைக்குள் அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம், யாரும் இல்லாத நேரத்தில், இரண்டு வரியிலும் பெயர்களை முழுதாகத் திருத்தி எழுதினேன். புத்தகம் சரியாகிவிட்டது. பதினொரு மணிக்கு ஜன்னல் பக்கம் யாரும் வரவில்லை. அதற்குப் பிறகும் ஒன்றரை வருஷம் அங்கே வேலை பார்த்தேன்.

இந்த ஆண்டு தொடக்கத்தில், கூட வேலை பார்த்த தையல்காரம்மா தன் மகள் கல்யாணத்துக்கு அழைத்தார். தேவாலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, உனக்குப் பிரமாணிக்கமாய் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்தது. ஒலிபெருக்கியில் அந்த ஒரு சொல் தெளிவாக விழுந்தது. பிரமாணிக்கம். நம்பகம், சொன்ன சொல் தவறாமை. பிராமாணிக். என் மொழியில் இருக்கிற சொல்லைத்தான் ஒற்றை எழுத்தாக வெட்டிப் போட்டிருக்கிறேன். அந்தப் பெயருள்ள மனிதரிடம் புரூஃப் கேட்டபோது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். விருந்துக்கு நிற்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அட, விடுங்க! அந்த ஆர்டர் போயி எத்தன நாளாச்சு. இதுக்கா இந்த வெயில்ல வந்தீங்க? மோர் குடிக்கறீங்களா?"

மோரைக் குடித்துவிட்டு வந்தேன். அந்த வங்காளி இருக்கும் இடம் கம்பெனி வாசல் டீக்கடைக்காரருக்குத்தான் தெரிந்திருந்தது: பொங்கலூர்ப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் இருக்கிறாராம்.

பஸ் ஏறிப் போனேன். பண்ணை வாசலில் தீவன மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் மூட்டையை வைத்துவிட்டு நின்றார். சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை.

"அன்னிக்கு அதே பேர்ல ரெண்டு பி இருந்தாங்க," என்றேன். "நீங்க வந்து நின்னப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயத் திறக்கல." அவரை நீங்கள் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"எனக்கும் தெரியும் சார். அவன் என் ரூம்தானே. நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"மேனேஜர்கிட்டப் போய்ச் சொல்லிட்டேன்."

"அவருக்கு எதுக்கு சார்?" என்றார். உள்ளே போய், கோழிக் கணக்கு எழுதுகிற நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்தார். "எழுதிக் குடுங்க. இங்கிலீஷ்ல."

"யார்கிட்டக் காட்ட?"

"பொண்டாட்டிகிட்ட. தப்பு பண்ணி தொரத்திட்டாங்கன்னு கூட வேலை செஞ்சவங்க ஊர்ல சொல்லிட்டாங்க. ஊருக்குப் போனப்ப, நான் பண்ணலன்னு சொன்னேன். அவ நம்பல. சும்மா பாத்தா. மறுபடி ஊருக்குப் போகல நான். அங்க வாத்தியார் ஒருத்தர் இருக்கார், படிச்சுக் காட்டுவார்."

தீவன மூட்டைமேல் தாளை வைத்து எழுதினேன். தவறு அவருடையது அல்ல, அது எனக்குத் தெரியும், தெரிந்தும் சொல்லவில்லை. அவர் பெயரை எழுதும்போது பக்கத்தில் நின்று ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தார். பிராமாணிக் முடிகிறவரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அடியில் கையெழுத்துப் போட்டேன். என் பெயருக்கு முன்னால் நின்ற எழுத்தின்மேல் விரலை வைத்தார்.

"இது யாரு?"

"எங்கப்பா."

"முழுசா எழுதுங்க சார்."

எழுதினேன். அப்பா இறந்த பிறகு அந்தப் பெயரை நான் முழுதாக எழுதியதே இல்லை என்பது, எழுதி முடித்த பிறகு தெரிந்தது. அவர் தாளை வாங்கி, நான்காக மடித்து, மேல்சட்டைப் பையில் வைத்துப் பித்தானைப் போட்டார்.

"நாலு மணிக்கு பஸ்," என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டையைத் தூக்கினார்.