முன்பதிவு செய்யப்பட்ட சுவர்

பள்ளிக்கூடம் நடத்த ஒரு மணியும் ஒரு அப்பனும் இருந்தால் போதும் என்று நான் மனப்பூர்வமாக நம்பியிருந்தேன். மணி எங்கள் பசுவின் கழுத்திலிருந்து கழற்றியது. அப்பன் நான். இரண்டில் எது அதிகம் சத்தம் போட்டது என்பதை என் மனைவியிடம் கேட்டால் யோசிக்காமல் சொல்லுவாள்.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்குத் தொழில் சுவரெழுத்து. சாதாரண நாட்களில் கடைப் பலகை, தேர்தல் வந்தால் கட்சிச் சுவர். இந்த மாநிலத்தை மாறி மாறி ஆண்ட இரண்டு கட்சிக்கும் நான்தான் எழுதினேன். காலையில் ஒரு தலைவரை வாழ்க என்று எழுதிவிட்டு, சாயங்காலம் அடுத்த தெருவில் அதே தலைவரை வீட்டுக்கு அனுப்புவேன். இரண்டுக்கும் ஒரே சிவப்பு டப்பா. அது போகக் கோயில் நிலத்தில் மூன்று மா குத்தகை, ஏறக்குறைய ஒரு ஏக்கர். என் அப்பா கூலிக்கு ஏர் ஓட்டிய நிலம் அது. அதில் நான் குத்தகைதாரன் என்கிற திமிர் எனக்கு எப்போதும் கொஞ்சம் உண்டு.

பெரியவளை முதலில் டவுனில் ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில்தான் சேர்த்தோம். ஒரு நாள் அவள் "தண்ணி வேணும் மிஸ்" என்று தமிழில் கேட்டதற்காகப் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்துவிட்டார்கள். கால் வலியோடு வந்து சொன்னாள். மறுநாள் கையில் பெயின்ட் காயாமலே போய் நின்றேன். "காவிரித் தண்ணிய எந்த பாஷைல கேக்கணும்னு நீங்க ஒண்ணும் எம்பொண்ணுக்குச் சொல்லித் தர வேணாம்" என்று சொல்லிவிட்டு அவள் பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வசனம் நன்றாகத்தான் இருந்தது. பஸ் ஏறிய பிறகுதான் அடுத்து என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. உட்கார சீட் வேறு இல்லை. நின்றுகொண்டே பயந்தேன்.

பயத்தை மறைக்க ஒரே வழி அதை அறிவிப்பாக மாற்றுவது. வீட்டுக்கு வந்ததும், "இனிமே நம்ம வீட்லதான் பள்ளிக்கூடம். நானே சொல்லிக் குடுக்கப் போறேன்" என்றேன்.

என் மனைவியின் அண்ணன் டவுனில் உரக்கடை வைத்திருப்பவர். அன்று சாயங்காலமே வந்துவிட்டார்.

"மாப்ள, தப்பா நினைக்காதீங்க. நீங்க பத்தாவதே ரெண்டு தடவ எழுதுனவரு."

"அதான் மச்சான். மத்தவங்களுக்கு ஒரு தடவ அனுபவம். எனக்கு ரெண்டு."

"புள்ளைங்க வாழ்க்கைல வெளயாடாதீங்க."

"விளையாட்டுக்கு ஒரு பீரியடு இருக்கு மச்சான். மத்த நேரம் விளையாட மாட்டோம்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு காபி குடிக்காமல் போனார். எனக்கு அது பெரிய வெற்றியாகப் பட்டது.

ஆரம்பத்தில் அது அச்சு அசல் பள்ளிக்கூடம். மணி அடிப்பேன். மாணவிகள் இரண்டு பேர், பெரியவளும் அப்போதுதான் பேசக் கற்றிருந்த சின்னவளும். வருகைப் பதிவு எடுப்பேன். "உள்ளேன் ஐயா" என்ற குரல் கொய்யா மரத்தின் மேலிருந்து வரும். எழுத்துக்குத் தனிப் புத்தகம் தேவைப்படவில்லை, ஊர்ச் சுவர்களே போதும். என் பெரிய மகள் எழுத்துக்கூட்டி வாசித்த முதல் சொல் அம்மா அல்ல, அப்பாவும் அல்ல, "வாக்களிப்பீர்". சின்னவளுக்கு முதலில் தெரிந்த எழுத்து இரட்டை இலையும் சூரியனும். அவை எழுத்தே இல்லை என்று புரியவைக்க வெகு நாளானது.

அப்புறம் பிள்ளைகள் வளர்ந்தார்கள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. கால அட்டவணையில் அதற்கு இடம் விட்டிருக்கவில்லை.

கொஞ்சம் வளர்ந்ததும் மணிக்கு அவர்கள் மதிப்புக் கொடுப்பதில்லை; பசுதான் திரும்பிப் பார்க்கும். அதனால் மணியைப் பசுவிடமே ஒப்படைத்தேன். வாய்க்காலில் தண்ணீர் வரும் நாள் விடுமுறை. வயலில் வேலை இருந்தால் பாடம் வரப்புக்கு நகர்ந்துவிடும். பின்னத்தை நிலம் அளக்கும் மாவிலும் குழியிலும் கற்றார்கள். என் மனைவி தையல் வேலை செய்கிறவள். துணி வெட்டும்போது அவள் கேட்கும் கணக்குகளுக்கு நான் பதில் தெரியாத மாதிரி நடிப்பேன். பாதி நேரம் நடிக்க வேண்டிய அவசியம் இருக்காது.

இன்னும் வளர்ந்தபோது கேள்விகள் என்னைத் தாண்டிப் போயின. "அதை நாளைக்குச் சொல்றேன்" என்பது என் முக்கியமான பாடமானது. விடியற்காலையில் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் நூலகத்துக்கு ஓடி, மின்சாரம் எப்படிப் பாய்கிறது என்று படித்துவிட்டு, திரும்பி வரும் வழியில் பாதி தூரம் தாண்டுவதற்குள் மறந்துவிடுவேன். வீட்டுக்கு வந்தால் பெரியவள் அதைத் தானே ஏதோ பழைய புத்தகத்தில் படித்து முடித்துச் சின்னவளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். நான் வாசலில் நின்று கேட்டுத் தெரிந்துகொள்வேன். ஆக, அந்தப் பள்ளியின் கடைசி பெஞ்சு மாணவன் யார் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நான் மட்டும் தலைமையாசிரியர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த நேரத்தில்தான் வயலுக்கு அடியில் எரிவாயுக் குழாய் பதிக்கும் திட்டம் வந்தது. சம்பா நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்திருந்த வயலில் யாரையும் கேட்காமல் மஞ்சள் கல் நட்டுப் போனார்கள். எங்கள் மூன்று மாவின் நடுவிலும் ஒரு கல். ஊரே சாலையில் உட்கார்ந்தது. சுவர்களில் நான் கூலி வாங்காமல் எழுதினேன். என் இரண்டு மகள்களும் எழுத்துக்குள் நிறம் நிரப்பினார்கள்.

சுவரெழுத்தில் ஒரு ஒழுங்கு உண்டு. சுவர் வேண்டுமென்றால் முதலில் சுண்ணாம்பு அடித்து, ஓரத்தில் "முன்பதிவு" என்று எழுதிவிட வேண்டும். அதன் பிறகு எவ்வளவு பெரிய கட்சியானாலும் அந்தச் சுவரில் கை வைக்கக் கூடாது. கொலைவெறியோடு சண்டை போடுகிறவர்கள்கூட அந்த ஒரு சொல்லுக்குக் கட்டுப்படுவார்கள். அதை மகள்களுக்குப் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தேன்.

சாலை மறியலில் வெயிலில் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது தாசில்தார் ஜீப்பில் வந்தார். அமைதிப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார். "மேலிடத்துல சொல்றேன், யோசிப்போம்" என்றார். முன்வரிசையில் இருந்த பெண்கள், "யோசிக்கிறத எழுத்துப்பூர்வமா குடுங்க சார்" என்றார்கள். எழுத்து வரும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை. குழாய் வேலையை நிறுத்தி வைப்பதாகச் சாயங்காலம் எழுத்து வந்தது. நடந்து வரும்போது நான் மகள்களிடம், "பாத்தீங்கல்ல? யாராவது யோசிப்போம்னு சொன்னா, மாட்டேன்னு அர்த்தம். எழுத்துல வாங்காம எந்திரிக்கக் கூடாது. இன்னைக்குப் பாடம் குடிமையியல்" என்றேன். பெரியவள் மிகக் கவனமாகத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கொஞ்ச நாள் கழித்து, திருவையாற்றில் ஒரு அல்வாக் கடைக்குப் பலகை எழுதிவிட்டு வந்தேன். சாலையைப் பார்த்த என் வீட்டுச் சுவர் வெள்ளையாக மின்னியது. ஓரத்தில் சின்னதாக, அழகாக ஒரு சொல்: முன்பதிவு.

அந்தச் சுவரில் மட்டும் நான் எந்தக் கட்சிக்கும் எழுதியதில்லை. இரண்டு பக்கமும் எனக்கு வாடிக்கை. ஒரு பக்கம் எழுதினால் மறு பக்கம் சோறு போச்சு. யார் பிடித்தது என்று கட்சிப் பெயரும் இல்லை.

ஒரு கட்சியின் கிளைச் செயலாளரான டீக்கடைக்காரரிடம் ஓடினேன்.

"அண்ணே, எஞ்செவத்தப் புடிச்சது நீங்களா?"

"நாங்க ஏன்யா புடிக்கிறோம்? ஓகோ, அவனுங்களுக்குக் குடுத்துட்டியா? இத்தன நாளா எங்க டீயக் குடிச்சுட்டு?"

மறு கட்சியின் செயலாளரிடம் போனேன். அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டே, "இந்தா பாருங்க தம்பி, டீக்கடைக்காரன் ஒங்களை அனுப்பி ஆழம் பாக்குறான்" என்றார். ஒரே மத்தியானத்தில் இரண்டு கட்சிக்கும் துரோகியானது ஊரில் நான் ஒருவன்தான்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். "இது குழாய்க்காரன் வேலைதான்! வயல்ல கல்லு நட்டான், இப்ப செவத்தயும் கையகப்படுத்திட்டான்!"

என் மனைவி தையல் மெஷினை நிறுத்தவில்லை. "சுண்ணாம்பு நல்லா அடிச்சிருக்காங்க. நீங்க அடிச்சா திட்டுத் திட்டா இருக்கும்" என்றாள். பெரியவள் புத்தகத்திலிருந்து தலை தூக்கவில்லை. சின்னவள் மட்டும் பாவாடை நுனியை வாயில் அடைத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள்.

அழித்துவிடலாம்தான். என் வீடு, என் சுவர், என் சுண்ணாம்பு. ஆனால் முன்பதிவு என்று எழுதிய சுவரில் கை வைத்தால் நான் என்ன சுவரெழுத்தாளன்? நாள் முழுக்க அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

அடுத்த முறை நான் வேலைக்குப் போய்த் திரும்பியபோது சுவரில் எழுத்து வந்திருந்தது. என் சிவப்பு, என் கறுப்பு, என் பிரஷ்.

"கபடிக்கு ஏழு பேர் வேண்டும்! வீட்டில் இருப்பதோ நாலு பேர்! அரசுப் பள்ளியில் சேர்க்க மறுக்கும் தந்தையைக் கண்டித்து மாபெரும் உள்ளிருப்புப் போராட்டம். இடம்: இதே வீடு. அனைவரும் வாரீர்!"

முதலில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. 'ழ' என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. வாசற்படியில் பெரியவள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஆதரவாளராகச் சின்னவள். எதிரே டீக்கடைக்காரரும் மறு கட்சிக்காரரும் தோளோடு தோள் நின்று வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சேர்ந்து நின்று நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

"நான் எப்போடி மறுத்தேன்?" என்று கேட்டேன்.

"போன வருஷம் கேட்டேன்ல? யோசிப்போம்னீங்க."

"சரி, யோசிச்சுட்டு..."

"யோசிப்போம்னா என்னா அர்த்தம்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க."

வேடிக்கை பார்த்த கூட்டம் ஓவென்று சிரித்தது. என் மனைவி தையல் மெஷினை மூடிவிட்டு வெளியே வந்தாள். "அமைதிப் பேச்சுவார்த்தை. நான்தான் தாசில்தார். ரெண்டு தரப்பும் உள்ள வாங்க. மத்தவங்க கலைஞ்சு போங்க" என்றாள்.

உள்ளே நான் என் அச்சங்களை எல்லாம் கொட்டினேன். சான்றிதழ் இல்லை, சேர்க்க மாட்டார்கள். சேர்த்தாலும் ஒன்றாம் வகுப்பில் குழந்தைகளோடு உட்கார வைப்பார்கள். கேட்டால் பெஞ்சு மேல் ஏற்றுவார்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

"நான் போயி கேட்டுட்டேன்பா" என்றாள் பெரியவள். "சைக்கிள்ல போனேன். வயசுக்கு ஏத்த வகுப்புல சேத்துக்குவாங்களாம். எட்டாவது. பி.டி. டீச்சர் என்னைய ஓடச் சொல்லிப் பாத்தாங்க. டீம்ல ஆறு பேர்தான் இருக்காங்க. அப்பாவைக் கூட்டிட்டு வாம்மான்னாங்க."

"நான் சொல்லித் தர்றதுல என்னா கொறைச்சல்?"

"ஒண்ணும் கொறைச்சல் இல்லப்பா. ஆனா ஒங்களப் புடிச்சுக் கீழ தள்ளி கபடி ஆட முடியாதுல்ல?"

தாசில்தார் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "பள்ளிக்கூடம் போகப்போறது அவ. வேலை போகப்போறது ஒங்களுக்கு. அதான பயம்?"

அதற்கு நான் ஏதோ ஒரு நகைச்சுவை சொல்ல வாயைத் திறந்தேன். வெளியே வந்தது, "சரி, சேத்துடலாம்."

"எழுத்துப்பூர்வமா குடுங்க" என்றாள் சின்னவள்.

எழுதிக் கொடுத்தேன். சுவரில், பெரியவள் எழுதியதற்குக் கீழே, ஊர் பார்க்க: "கோரிக்கை ஏற்கப்பட்டது." என் கையெழுத்து கொஞ்சம் கோணிவிட்டது. பிரஷ் மேல் பழி போட்டேன்.

விஷயம் கேள்விப்பட்டு மச்சான் வந்தார், இந்த முறை காபி குடிப்பதற்கென்றே. "பாத்தீங்களா மாப்ள, கடைசில நான் சொன்ன எடத்துக்குத்தான் வந்தீங்க."

நான் பதில் தேடுவதற்குள் பெரியவள் டம்ளரை நீட்டியபடி சொன்னாள்: "இல்ல மாமா. நீங்க சொன்னது பெஞ்சு மேல ஏத்துற ஸ்கூலு. நான் போறது நான் கேட்ட ஸ்கூலு. என்னைய யாராச்சும் பெஞ்சு மேல ஏத்துனா அங்கயும் ஒரு செவுரு இருக்கும்ல?"

மச்சான் காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

அந்தச் சுவரை நான் வெள்ளையடிக்கவில்லை. தேர்தலுக்கு இரண்டு கட்சியும் வந்து கேட்டன. "முன்பதிவு ஆயிடுச்சுண்ணே" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். குழாய்க்காரர்கள் திரும்ப வந்தால் எழுதுவதற்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்கிறேன். மஞ்சள் கல் இன்னும் வயலில் நிற்கிறது. அதைச் சுற்றி நட்டு, அதைச் சுற்றியே அறுக்கிறோம்.

ஜூன் மாதம் பெரியவளை எட்டாம் வகுப்பில் சேர்த்தேன். தலைமையாசிரியை ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார், ஒரு கணக்குப் போடச் சொன்னார், சேர்த்துக்கொண்டார். முதல் கபடி ஆட்டத்தில் தோற்றார்கள். முழங்கையில் சிராய்ப்போடு வந்தாள், மறுநாளும் போனாள். பள்ளிக்கூடம் வேண்டும் என்று சின்னவள் இன்னும் கேட்கவில்லை, வீட்டில்தான் படிக்கிறாள்.