லோகு வைஃபைக்குப் பூட்டு போட்டான்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் லோகு எலக்ட்ரீஷியன். மெஷினில் கை வைப்பதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்து, ‘ஆள் வேலை செய்கிறார், தொடாதே’ என்று தன் பேர் போட்ட அட்டையை மாட்டுவான். பதினோரு வருஷத்தில் ஒருத்தரும் அந்த அட்டையை மீறியதில்லை. மேனேஜரே வந்தாலும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

2009-இல் வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்தபோதும் அதே வழக்கத்தைத்தான் காட்டினான். மோடம் மாட்ட வந்த லைன்மேன் அருணாச்சலம், வைஃபை சுவரைத் தாண்டித் தெருவுக்கும் போகும், பாஸ்வேர்டு போட்டுக்கோ என்று சொல்லி, செட்டிங்ஸ் பக்கத்தைத் திறக்கும் வழியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். லோகு திறந்தான். பெயர் என்ற கட்டத்தில் ‘லோகு லைன் டோன்ட் டச்’ என்று இங்கிலீஷில் அடித்தான். பாஸ்வேர்டு கட்டத்தைக் காலியாக விட்டான். அட்டை மாட்டியாச்சு, அப்புறம் பூட்டு எதுக்கு?

மூணு மாசம் நிம்மதியாகப் போனது. பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

அவன் மனைவி பிரின்சி பி.காம் படித்தவள். வங்கி எழுத்தர் தேர்வுக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். அடுத்த வருஷம் வயசு தாண்டிவிடும். நெட்டில் விண்ணப்பத்தை அனுப்பி, அதைப் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்திட்டு, அன்றே தபாலில் சேர்க்க வேண்டும். தபாலாபீஸ் ஐந்து மணி வரைதான். மத்தியானத்திலிருந்து போட்டோ பாதி ஏறுவதும் அப்படியே நிற்பதுமாக இருந்தது.

அரை நாள் லீவு போட்டிருந்த லோகு லேப்டாப்பை அணைத்துப் பார்த்தான். அப்போதும் மோடத்தில் விளக்கு வெறி பிடித்த மாதிரி மினுக்கியது. எலக்ட்ரீஷியனுக்கு இது போதாதா? நம் வீட்டில் எல்லாம் அணைத்தும் மீட்டர் ஓடினால் வேறு எவனோ இழுக்கிறான். லேப்டாப்பை மறுபடி போட்டு செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தான். அவர்களைத் தவிர நாலு கம்ப்யூட்டர் பட்டியலில் இருந்தன. முதல் பேரே, எதிர்க்கடை ‘ஷாஹுல் மொபைல்ஸ்’.

“கொக்கி போட்டு இழுத்துக்கினு இருக்கானுங்க” என்றான்.

“தொடாதேன்னு எழுதி வெச்சா, நம்ம தெருவுல அதத்தான் மொதல்ல தொடுவாங்க” என்றாள் பிரின்சி. “பாஸ்வேர்டு போடு. என் பேர வெக்காத, ஊருக்கே தெரியும்.”

வேறொன்றை வைத்தான். போட்டோ ஒரே மூச்சில் ஏறியது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்தபோது மணி நாலேகால். பிரிண்டர்தான் இல்லை. தெருவில் இருந்தது ஒன்றே ஒன்று, ஷாஹுல் கடையில்.

ஷாஹுல் கம்ப்யூட்டர் முன்னால் வாடிப்போய் உட்கார்ந்திருந்தான்.

“இன்னா லோகு, உன் நெட்டு இப்ப சுத்தமா போச்சே. கம்ப்ளைண்ட் குடுத்தியா இல்லியா?”

லோகுவுக்குக் கோபத்தை எந்தப் பக்கமிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. பென் டிரைவை நீட்டினான். ஷாஹுல் கையை இழுத்துக்கொண்டான். போன மாசம் எவனோ சொருகி வைரஸ் ஏறி, ரெண்டு நாள் கடை பேஜாராம். இனிமேல் யாரையும் நம்பிச் சொருகுவதில்லையாம்.

“மெயில்ல அனுப்பு.”

“மெயில் பாக்க உனக்கு நெட்டு வேணுமே.”

“அதான் உன்னுது இருக்குதே.”

மணி நாலு முப்பத்தைந்து. லோகு கீபோர்டைத் தன் பக்கம் திருப்பி, ஷாஹுலை ரோட்டைப் பார்க்கச் சொல்லிவிட்டு, துண்டால் மூடிக்கொண்டு பாஸ்வேர்டை அடித்தான். ஷாஹுல் ரோட்டைத்தான் பார்த்தான். ஆனால் தட்டின சத்தத்தை எண்ணி, “பதினோரு எழுத்து” என்றான்.

பிரின்சி வீட்டிலிருந்து மெயிலைத் தட்டிவிட்டுக் கடைக்கு ஓடிவந்தாள். பிரிண்ட் வந்தது. பிரின்சி கண்ணாடி மேஜை மேலேயே கையெழுத்திட்டு, கவரை ஒட்டிக்கொண்டு தபாலாபீசுக்கு ஓடினாள். லோகு வீட்டுக்கு ஓடிப் பாஸ்வேர்டை மாற்றினான்.

ஐந்தரைக்கு அவள் ரசீதோடு வந்தாள். வாசலிலேயே, “மாத்திட்டியா? புதுசு இன்னா?” என்றாள்.

லோகு எதிர்க்கடையை ஒரு பார்வை பார்த்தான்.

“உள்ள வா, சொல்றேன்.”