கயிறு பிடித்தவருக்கு ஒரு பிடி மீன்

சண்டை முடிந்த கையோடு எங்கள் ஊருக்கு முதலில் வந்தவை பஸ்கள்தான். பாட்டைப் பெரிதாகப் போட்டுக்கொண்டு, பானைகளையும் பாய்களையும் ஏற்றிக்கொண்டு, தெற்கிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கடல் பார்க்க வந்தார்கள். நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடின தெருவில் இவர்களுக்கு என்ன கொண்டாட்டம் என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். சந்தியில் நிறுத்தி, "பீச்? பீச்?" என்று கேட்பார்கள். என் சின்ன மகள் ஓடிப்போய்க் கையை நீட்டி வழி காட்டுவாள். தான் ஒரு நாளும் போகாத இடத்துக்கு.

போகவிடாதது நான்தான். அவளுக்கு மூத்தவளைச் சுனாமி கொண்டுபோனது. சின்னவள் அதற்குப் பிறகு பிறந்தவள். அக்காவைச் சுவரில் மாட்டிய படத்தில்தான் அறிவாள்.

முன்பு நாங்கள் ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மணல் திட்டில் இருந்தோம். கடலோரமாக நீண்டு கிடக்கும் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம். அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கரைவலை இழுக்கிற நேரம் கயிற்றில் யார் கை வைத்தாலும், வலை கரையேறியதும் அவருக்கு ஒரு பிடி மீன். சின்னப் பிள்ளையானாலும் சரி, வழியில் போகிறவரானாலும் சரி. மூத்தவள் ஞாயிறு தவறாமல் போய்க் கயிற்றில் தொங்குவாள். இவள் கயிற்றை இழுத்தாளோ, கயிறு இவளை இழுத்ததோ, பாவாடை மடியில் கீரி மீனோடு வந்து நிற்பாள். "இது நான் உழைச்ச மீன்" என்று பொரித்து முடியும்வரை அடுப்படியை விட்டு நகரமாட்டாள்.

மாரியில் கரைவலை போடுவதில்லை. அந்த ஞாயிறு கடல் அடங்கிக் கிடக்கிறதென்று, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி வலையை வளைக்கச் சொன்னார். வலை பாதி வழி வரும்போது தண்ணீர் வந்தது. என்னை ஆற்றுப் பக்கத்துக் கண்டல் மரமொன்றில் கொண்டுபோய்ச் செருகியது. அவளைக் கண்டெடுக்கவே இல்லை.

அதோடு கடல் மீனை நான் வாயில் வைக்கவில்லை. ஊரே கொஞ்சக் காலம் தின்னாமல் இருந்தது. பிறகு ஒவ்வொரு வீடாகத் தொடங்கினார்கள். என்னால் முடியவில்லை. எந்த மீனைப் பார்த்தாலும் இது எங்கே மேய்ந்ததோ என்ற நினைப்பு வந்துவிடும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் வீடு கிடைத்த பிறகு, என் வீட்டுக்காரர் ஆற்றில் பிடித்து வருவதைத்தான் ஆக்கினோம்.

ஒரு லீவு நாள், பஸ்ஸுக்கு வழி காட்டிவிட்டு வந்த சின்னவள் கேட்டாள்.

"அம்மா, கடல் அவங்கடயா?"

"ஏன் கேக்கிறாய்?"

"அவங்கட புள்ளைகள் மட்டுந்தானே போகுதுகள்."

அடுப்பை அணைத்துவிட்டு, "வா" என்றேன்.

கரையில் அதே சம்மாட்டியின் வலைதான் வந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் வந்த பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூச்சல் போட்டன. சின்னவள் என் கையை உதறிவிட்டு ஓடினாள். அவள் கயிற்றைப் பிடித்தாள், நான் அவள் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்தேன். வலை கரையேறும்வரை விடவில்லை.

சம்மாட்டி ஒவ்வொரு பிள்ளைக்கும் அள்ளிக் கொடுத்துக்கொண்டு வந்தார். எங்களிடம் வந்ததும் என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, இது உங்கட ரெண்டாவதா?"

"ஓம் அண்ணன்."

சின்னவளின் மடியில் ஒரு பிடி மீன் போட்டார். திரும்பக் குனிந்து இன்னொரு பிடி அள்ளினார்.

"இது மூத்தவட. அண்டைக்கு அந்தப் புள்ளயும் கயிறு புடிச்சது. எனக்குக் குடுக்கக் கிடைக்கல்ல."

அந்த இடத்திலேயே குந்தி வாய்விட்டு அழுதேன். பஸ்காரர்கள் பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பார்க்க வந்தவர்கள்தானே, பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பின்னேரம் இரண்டு பிடியையும் பொரித்து வேறு வேறு கோப்பையில் வைத்தேன். சின்னவள் தன் மீனைத் தின்று முடித்துவிட்டு மற்றக் கோப்பையைப் பார்த்தாள்.

"அம்மா, அக்காட பங்கை நான் தின்னட்டா?"

"தின்னு மகள்."

ஒரு மீனும் மிச்சம் வைக்காமல் தின்றாள். நான் பக்கத்தில் இருந்து முள் எடுத்துக் கொடுத்தேன். அன்றும் கடல் மீனை நான் வாயில் வைக்கவில்லை, எனக்குச் சோறும் சம்பலும்தான்.