மூன்று செல்லும் மஸ்கட் விசாவும்

எனக்கு மின்சாரம் தெரியும் என்று சங்கரன்கோவிலில் குறைந்தது நாலு தெருக்காரர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த நம்பிக்கையை நான் கெடுக்கவில்லை. விசைத்தறிக் கூடம் ஒன்றில் எனக்கு எலக்ட்ரீஷியன் வேலை. தறி மோட்டார் நின்றுபோனால் ஓட வைப்பேன், ஃபியூஸ் போனால் கம்பி கட்டுவேன், ஸ்டார்ட்டரைத் திறந்து உள்ளே ஊதுவேன். பாதி மோட்டார்கள் ஊதினாலே ஓடின. எங்கள் தெருவில் எல்லாக் கோளாறுக்கும் பஞ்சுத் தூசிதான் காரணம் என்பதால் நன்றாக ஊதத் தெரிந்தவனுக்கு நல்ல மரியாதை இருந்தது.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடையில் என் மனைவியின் தம்பி மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தான். வரும்போது அக்காவுக்கு ஒரு மிஷின் கொண்டுவந்தான். கையில் பிடித்துத் தூசி உறிஞ்சுகிற மிஷின், அதிலும் வயர் இல்லாதது. சுவரில் அதற்கென்று ஒரு தாங்கி. மிஷினை அதில் உட்கார வைத்தால் ஒரு சிவப்பு விளக்கு எரியும், உள்ளே இருக்கிற பாட்டரி சார்ஜ் ஏறும். பிறகு கையில் எடுத்துக்கொண்டு எந்த மூலைக்கும் போகலாம்.

பார்க்க வந்தவர்களுக்கு உறிஞ்சிக் காட்டத் தூசி வேண்டியிருந்தது. என் மனைவியோ காபி குடிப்பதற்கு முன்பே வீடு முழுக்கக் கூட்டிப் பெருக்கிவிடுகிறவள். அதனால் அரிசி மாவைத் தரையில் சிந்தி, மிஷினை ஓட்டி, சுத்தமான தரையை எல்லோருக்கும் காட்டினோம். ஒரு படி மாவாவது அந்த மாதம் அப்படிப் போயிருக்கும். அவர்கள் போன பிறகு, அவர்கள் காலில் வந்த மண்ணை அவள் விளக்குமாற்றால் கூட்டினாள்.

மச்சினன் திரும்பிப் போய் ஒரு கடிதம் போட்டான். பெரிய ஆபீஸ்களைச் சுத்தம் செய்து பராமரிக்கிற கம்பெனி அவனுடையது. அங்கே இந்த மாதிரி மிஷின்கள் அறை அறையாகக் கிடக்கின்றன, ரிப்பேர் பார்க்க நம்பிக்கையான ஆள் கேட்கிறார்கள், அத்தானைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், தீபாவளிக்கு வரும்போது விசா பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறேன் என்று எழுதியிருந்தான். கடைசி வரியில், 'நம்ம வீட்டு மிஷின் நல்லா ஓடுதா?' என்று கேட்டிருந்தான்.

என் மனைவி அன்றைக்குத் தண்ணீர்க் குழாயடியில் சொன்னாள். மறுநாள் பூச்சந்தையில் சொன்னாள். வாரக் கடைசிக்குள் வாசுதேவநல்லூரில் இருக்கும் அவள் சொந்தக்காரர்கள், நான் மஸ்கட்டிலிருந்து என்னென்ன சாமான் வாங்கி வர வேண்டும் என்று பட்டியல் சொல்லி அனுப்பினார்கள். எனக்குப் போகப் பிடிக்கவில்லை. நான் பயந்தாங்கொள்ளி. மத்தியானம் தறிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வந்து, அவள் என்னைத் திட்டிக்கொண்டே சோறு போட, திட்டு வாங்கிக்கொண்டே சாப்பிட்டுப் பழகியவன். இரண்டு வருஷம் எவனோ ஒருவன் பொங்கிய சோற்றை அமைதியாகச் சாப்பிட வேண்டும் என்று நினைத்தாலே எனக்குப் பசி அடங்கிப்போனது. ஆனால் வெளிநாடு வேண்டாம் என்று சொல்லுகிற ஆம்பளை அப்போது எங்கள் பக்கத்தில் ஒருத்தனும் கிடையாது. சொன்னால் சிரிப்பார்கள். பாஸ்போர்ட் எடுத்தேன். அதில் என் முகம் திருடிவிட்டு மாட்டிக்கொண்டவன் முகம் மாதிரி இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் கரண்ட் சாமான்களுக்குப் பொட்டு வைப்பது என் இலாகா. டெஸ்டர், கட்டிங் பிளேயர், இஸ்திரிப் பெட்டி, ஃபேன் ரெகுலேட்டர், மோட்டார் பைக் என்று வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தேன். மச்சினன் கொடுத்த மிஷினின் அடியில் இரண்டு பித்தளைப் புள்ளிகள் அருகருகே இருந்தன. பொட்டு வைப்பதற்கென்றே செய்து அனுப்பியது போல் இருந்தது. இரண்டிலும் தாராளமாகச் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். மறுநாள் எல்லாவற்றையும் துடைக்க ஈரத்துணியோடு வந்தவளை நான்தான் தடுத்தேன்.

"ஏட்டி, கரண்ட் சாமான் பக்கம் ஈரத்துணியக் கொண்டு வராத. ஷாக் அடிக்கும்."

"ஆமா, நீங்க பாத்தீய," என்றாள். துணியைப் பிழிந்துவிட்டுப் போய்விட்டாள்.

நாலைந்து நாள் கழித்து மிஷினை எடுத்து அமுக்கினேன். லேசாக முனகிவிட்டு நின்றது. தாங்கியில் வைத்தேன், சிவப்பு விளக்கு எரியவில்லை. மீட்டரை எடுத்தேன். தாங்கியில் கரண்ட் வருகிறது. மிஷினைத் திறந்து பாட்டரியைப் பார்த்தேன், முள் அசையவில்லை. ஆக, பாட்டரி போச்சு. இதைவிடத் தெளிவான கணக்கு உண்டா? அந்தப் பாட்டரி ஏன் சார்ஜ் ஏறவில்லை என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும். கேள்வி கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

இப்போது என் நிலைமை இதுதான். மிஷின் ஓடினால் மஸ்கட். ஓடாவிட்டால் நாலு தெருவில் இருக்கிற பெயர் போச்சு. மச்சினன் வர இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ரோசம்தான் ஜெயித்தது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

உள்ளே மூன்று செல்கள், மஞ்சள் உறைக்குள், தகடு வைத்து ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டிருந்தன. தகட்டை வெட்டி வெளியே எடுத்தேன். அப்படியே வைத்திருக்கலாம். ஆனால் டார்ச் செல்லைத் தவிர வேறு செல்லை நான் பார்த்ததில்லை, உள்ளே என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. ரம்பத்தால் ஒன்றை அறுத்தேன். உள்ளே சுருட்டிய தகடும் கறுப்பாக ஏதோ பசையும் இருந்தன. ஒன்றும் புரியவில்லை. புரியாததால் இன்னொன்றையும் அறுத்தேன்.

ரத வீதி ரேடியோ கடைக்காரரிடம் மிச்சமிருந்த ஒன்றைக் காட்டினேன். அவர் அதை முகர்ந்து பார்த்தார்.

"சார்ஜ் ஏறுத செல்லா? இங்கன அப்படியெல்லாம் கிடையாது வே. டவுனுக்குப் போயிப் பாரும்."

திருநெல்வேலிக்கு பஸ் ஏறினேன். மூன்று கடையில் கைவிரித்தார்கள். நாலாவது கடைக்காரர் முகச்சவரம் செய்கிற மிஷினுக்குள் போடும் சுண்டுவிரல் தண்டி செல் ஒன்றைக் காட்டி, இதுதான் இந்த ஜில்லாவிலேயே உண்டு என்றார். வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் பெரிய டார்ச் செல் மூன்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

டார்ச் செல்களை ஈயம் பற்றவைத்து உள்ளே திணித்தேன். மூடி மூடவில்லை, ரப்பர் பட்டை போட்டுக் கட்டினேன். மிஷின் ஓடியது! மனைவியைக் கூப்பிட்டு மாவைச் சிந்தச் சொன்னேன். அவள் ஒரு சிட்டிகை சிந்தினாள். மிஷின் அதில் பாதியை உறிஞ்சிவிட்டு மெல்ல மெல்ல அடங்கிப்போனது. செல்கள் தொட முடியாத சூடு.

அவ்வளவுதான் என்று விட்டிருக்க வேண்டும். ஆனால் என் மோட்டார் பைக்கில் ஆறு வோல்ட் பாட்டரி இருந்தது. வாசல்படியில் பலகை போட்டு பைக்கை வீட்டுக்குள் ஏற்றினேன். சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு வயர் இழுத்து மிஷினோடு சேர்த்து முறுக்கினேன். பொத்தானை அமுக்கியதும் மிஷின் அலறிய அலறலில் பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்த எச்சில் கையோடு எழுந்து வந்துவிட்டார். மாவை உறிஞ்சியது. ஸ்டூல் மேல் இருந்த தீப்பெட்டியை இழுத்து மூக்கில் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு என் மனைவியின் முந்தானையைப் பிடித்தது. அவள் ஒரு முனையில் இழுக்க, நான் மறுமுனையில் பொத்தானைத் தேட, பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று நிதானமாக வேடிக்கை பார்த்தார்.

முந்தானையை மீட்ட பிறகு அவள் தரையைப் பார்த்தாள். டயர் மண் வாசலிலிருந்து அடுப்படி வரை வந்திருந்தது. பைக்குக்குக் கீழே எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு கை மாவ எடுக்கதுக்கு வண்டிய வீட்டுக்குள்ள ஏத்தணுமோ? நாளைக்கு ஒட்டடை அடிக்க லாரியக் கொண்டாருவீயளா?" என்று கேட்டுவிட்டு விளக்குமாற்றை எடுத்தாள்.

மச்சினன் வருவதற்கு முந்தின நாள் காலை, மிஷினைப் பார்வைக்காவது ஒழுங்காக வைக்கலாம் என்று துணியை நனைத்துத் துடைத்தேன். அடியில் காய்ந்து கிடந்த மஞ்சள் பொருக்கு பெயர்ந்து விழுந்தது. பித்தளைப் புள்ளி இரண்டும் பளிச்சென்று வெளியே தெரிந்தன. தாங்கியில் வைத்தேன். உள்ளே டார்ச் செல்கள்தான் இருந்தன, ஆனாலும் சிவப்பு விளக்கு எரிந்தது.

மிஷினை எடுத்தேன், விளக்கு அணைந்தது; திரும்ப வைத்தேன், எரிந்தது. அந்தப் புள்ளிகள் வழியாகத்தான் கரண்ட் உள்ளே போக வேண்டும். அந்த வழியைச் சந்தனத்தால் அடைத்தவன் நான். துடைக்க வந்தவளைத் தடுத்தவன் நான். பட்டினியாகக் கிடந்த நல்ல செல்களைச் செத்துப்போயின என்று சொல்லி ரம்பத்தால் அறுத்தவனும் நான்தான். தறிக்கூடத்தில் எவன் இப்படிச் செய்திருந்தாலும் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டியிருப்பேன்.

வெட்கம் அடங்கியதும் ஒரு சந்தோஷம் தலை காட்டியது. இதைவிட நல்ல சாக்கு எனக்குக் கிடைக்குமா? அப்படியே மச்சினனிடம் சொல்லிவிட்டால் போதும். இந்த மடையனையா கம்பெனிக்குச் சிபாரிசு செய்தோம் என்று அவனே பேப்பரைக் கிழித்துவிடுவான். நான் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதே இல்லை. பெயர் போகும், போனால் போகட்டும். அன்றைக்குத் தறிக்கூடத்தில் பாடிக்கொண்டே வேலை பார்த்தேன்.

மறுநாள் மத்தியானம் மச்சினன் வந்து சாப்பிட்டு முடித்ததும், மிஷினையும் அறுத்த செல்களையும் ஒரு தட்டில் வைத்து அவன் முன்னால் கொண்டுபோனேன். சந்தனத்திலிருந்து முந்தானை வரை ஒன்று விடாமல் சொன்னேன். தேவைக்கு மேலேயே என்னைக் கேவலப்படுத்திக்கொண்டேன். மனைவி சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

மச்சினன் அறுத்த செல்லை எடுத்து உருட்டிப் பார்த்தான். வயிறு குலுங்கச் சிரித்தான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"அத்தான், அங்கன ஒவ்வொருத்தனும் சாமான ஒடைச்சிட்டு, எனக்குத் தெரியாதுன்னு சாதிக்கான். செஞ்ச தப்ப இப்படி வரிசையாச் சொல்லுத ஆளு ஒருத்தன் கெடையாது. எங்க மேனேஜர் நம்பிக்கையான ஆளுன்னு கேக்கது இதத்தான். வேலை என்ன, ரெண்டு மாசத்துல படிச்சிருவீய."

பையிலிருந்து விசா பேப்பரை எடுத்து என் முன்னால் வைத்தான். மூடி கழற்றிய பேனாவையும் கையில் கொடுத்தான். "இங்கன ஒரு கையெழுத்து, கீழ ஒரு கையெழுத்து."

பேனா என் கையில் இருந்தது. இனி உடைப்பதற்கு வீட்டில் வேறு மிஷின் இல்லை.

"நான் வரல மாப்ளே," என்றேன்.

"என்ன சொல்லுதீய?"

"வரலன்னு சொல்லுதேன். எனக்குப் பயமா இருக்கு. உங்க அக்காவ விட்டுட்டு என்னால ரெண்டு வருசம் இருக்க முடியாது. ரெண்டு நாளே முடியாது."

பெண்டாட்டியின் தம்பியிடம், பெண்டாட்டியை வைத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் எவனும் சொல்லாத பேச்சு. மச்சினன் தரையைப் பார்த்தான். நான் பேனாவைப் பார்த்தேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிந்தைய ஏழு வருஷத்தில் அவளிடம் தனியாகக்கூட நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாளே, இனிக் குழாயடிக்கு எந்த முகத்தோடு போவாள், என்னைக் கொன்றுவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் வந்து என் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். மூடியைத் தேடி எடுத்து, திருகி, தம்பியின் சட்டைப் பையில் செருகினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். வழக்கமாகத் திட்டுகிற அதே குரல்தான்.

"கடுதாசி வந்த அன்னைலேருந்து, இந்த மனுசன் போகலன்னு சொல்ல மாட்டாரான்னு மூணு மாசமா ஒங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டுக் கெடக்கேன். இந்த ஒரு வார்த்தையச் சொல்லதுக்கு ஒரு மிஷின ரம்பத்த வச்சு அறுக்கணுமா?"