துரை மணியில் பிறந்தவள்

எங்கள் தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளில் எனக்கு மட்டும்தான் மணியும் நிமிஷமும் உண்டு. மற்றவர்களெல்லாம் காலையில் ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு அடித்தபோதோ, கொழுந்து நிறுத்தபோதோ பிறந்தவர்கள். அப்பா தேயிலை அரைக்கும் ஸ்டோரில் டீமேக்கர். ஸ்டோர்ச் சுவரில் துரை மாட்டிவைத்த கடிகாரம் அவருக்குக் குலதெய்வத்துக்கு அடுத்தபடி.

நான் பிறந்த பகலில் மருத்துவச்சி வாசலில் நின்று, தன் நிழலை அடியால் அளந்து நேரம் சொன்னாளாம். அப்பா சிரித்துவிட்டு, பக்கத்திலேயே இருந்த ஸ்டோருக்குப் போய்க் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வந்தார். அந்தக் குறிப்பை வைத்துத்தான் பதுளை ஜோசியர் என் ஜாதகத்தைக் கணித்தார். எட்டில் செவ்வாய் என்று வந்தது. பெண்ணுக்கு எட்டாமிடம் மாங்கல்ய ஸ்தானம். அங்கே செவ்வாய் உட்கார்ந்தால் புருஷன் உயிருக்கு ஆகாது என்பார்கள்.

பதுளைக் கடைகளில் மணி எப்போதும் எங்கள் மணிக்குப் பிந்தியே இருக்கும். அப்பா அதைக் கேலி செய்வார். "வெள்ளைக்காரன் மணி தப்புமா? கடைக்காரவுக மணிதான் சோம்பேறி மணி."

எனக்குப் பதினெட்டு வயதில் ஒருவர் கேட்டு வந்தார். பக்கத்து டிவிசன் கணக்கப்பிள்ளை. தினமும் கொழுந்து மூட்டைகளோடு ஸ்டோருக்கு வருகிறவர். நாங்கள் பேசியதில்லை. ஆனால் அவர் வரும் நேரம் எனக்குக் கடிகாரம் பார்க்காமலே தெரியும். பூ வைக்க நாள் குறித்த பிறகு, வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, அவருடைய அம்மா ஜாதகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. எங்களுக்கு ஒத்தப் புள்ள. எட்டுல செவ்வான்னா பயமா இருக்குங்க."

கணக்கப்பிள்ளை கொஸ்லந்தவில் பெண் எடுத்து அங்கேயே போய்விட்டார். பிறகு வந்த இரண்டு வரன்களும் ஜாதகத்தோடு நின்றன. லயத்து வரிசை வீடுகளில் மணி தெரியாமல் பிறந்த பெண்களுக்குப் பெயர்ப் பொருத்தம் பார்த்து மளமளவென்று கல்யாணம் நடந்தது. அவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், மறைப்பானேன். அம்மா எனக்காகச் செவ்வாய்க்கிழமை தோறும் பட்டினி கிடந்தாள். ராசியில்லாத பெண்ணைப் பெற்றுவிட்டோம் என்ற நினைப்போடேயே செத்தாள்.

தெமோதரைக்கு ரயில் வந்த பிறகு, உறவுக் கல்யாணம் ஒன்றுக்காக அப்பாவும் நானும் பண்டாரவளைக்குக் கிளம்பினோம். ஸ்டோர் மணியைப் பார்த்து, ரயில் போய்விடுமென்று மூச்சிரைக்க ஓடினோம். ஸ்டேஷனில் ஆளே இல்லை. அங்கே இருந்த கடிகாரம் நாற்பது நிமிஷம் பிந்தியிருந்தது.

"ஐயா, ஒங்க மணி நின்னு போச்சுங்களா?" என்றார் அப்பா.

ஸ்டேஷன் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். சிரித்தார். "எங்கட மணிக்கூடு கொழும்போட ஓடுது. உங்கட துரைதான் முள்ளைத் தள்ளி வச்சிருக்கிறார். விடியமுன்னமே உங்களை வேலைக்கு இறக்கத்தான். தெரியாதே?"

அப்பா பெஞ்சில் உட்கார்ந்தார். ரயில் வந்தது, போனது. நாங்கள் ஏறவில்லை.

"தாயி, நீ பொறந்தப்ப நான் பாத்தது துரை மணி."

மறுவாரமே பதுளைக்குப் போய், நாற்பது நிமிஷத்தைக் கழித்து ஜாதகத்தைப் புதிதாக எழுதி வாங்கி வந்தார். லக்னம் மாறிவிட்டது. மருத்துவச்சி அளந்த நிழலும் அதற்கு ஒத்து வந்ததாம். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய அந்தக் காகிதத்தை, துரையிடம் நீட்டுவதுபோல இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"எட்டுல இல்ல தாயி, ஒன்பதுல. ஒம்மேல ஒரு குத்தமும் இல்ல."

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. காகிதத்தை வாங்கி அலமாரியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன். அவ்வளவு கோபம். துரை மேல் கோபப்பட எனக்கு வக்கில்லை. எதிரில் நின்றவர் அப்பாதான்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் இருந்தார். வேலை முடிந்து வீட்டுக்குள் வரும்போதெல்லாம் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார். அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "பரவாயில்லப்பா" என்ற ஒரு சொல், அவ்வளவுதான். நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். மழைக்காலக் காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டார்.

வாய்க்கரிசி போடும்போது சொன்னேன்.